இளவரசர் போட்ட சட்டையா இது?

பழம்பொருள் ஏலப் பட்டியல்களைப் புரட்டுவது என் பொழுதுபோக்கு. வாங்குகிற எண்ணமெல்லாம் இல்லை, வேடிக்கைதான். இங்கிலாந்து ஏல அறிவிப்புகளில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு சாமான் உண்டு. சாண் அகலத்துக்கு ஒரு மேல்சட்டை, அதிலிருந்து ஒரு மீட்டர் அளவுக்குத் தொங்கும் வெள்ளைப் பாவாடை, முன்பக்கம் முழுக்க வெள்ளை நூலில் பூவேலை. கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில் போடுகிற கவுன். படத்துக்குக் கீழே சில சமயம் ஒரு வரி சேர்ந்திருக்கும்: 'விக்டோரியா மகாராணியின் பிள்ளைகளில் ஒருவர் அணிந்ததாகக் குடும்பத்தில் சொல்லப்படுகிறது.'

அந்த வரி இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. துணி அதேதான், தையலும் அதேதான். மாறியது அந்த ஒரு வரி மட்டும். அப்படிப்பட்ட வரியை நம்பலாமா, எந்த அளவுக்கு நம்பலாம், யார் எப்படிச் சோதிப்பார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இதற்குப் பழம்பொருள் உலகில் 'ப்ராவனன்ஸ்' என்று பெயர். பிரெஞ்சு வழியாக வந்த சொல், 'எங்கிருந்து வந்தது' என்று அர்த்தம். நமக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. மனை வாங்கப் போகிறோம் என்றால் முதலில் மூலப்பத்திரம் கேட்போம். தாத்தா பெயரில் இருந்தது அப்பா பெயருக்கு எப்படி வந்தது, அப்பாவிடமிருந்து விற்கிறவர் கைக்கு எப்படி வந்தது என்று ஒவ்வொரு கையாகப் பார்ப்போம். வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். நடுவில் ஒரு கை விட்டுப்போயிருந்தால் வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார். ப்ராவனன்ஸ் என்பது ஒரு பொருளின் மூலப்பத்திரம். நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். பழந்துணி ஆய்வாளர்களுக்கு மூலம் பார்ப்பதுதான் பாதி வேலை.

ஒரே ஒரு வித்தியாசம். நிலத்துக்கு சர்வே நம்பர் உண்டு, அது இடத்தை விட்டு நகராது. குழந்தைச் சட்டையை நாலாக மடித்தால் கைப்பைக்குள் போய்விடும். பதிவு அலுவலகம் எதிலும் அது ஏறுவதில்லை. எந்தக் கதையை வேண்டுமானாலும் அதன் மேல் ஒட்டலாம், ஒட்டியவர் போன பிறகும் கதை நிற்கும்.

இந்த விஷயத்தில் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான்: துணிக்கு 'இல்லை' என்று சொல்லத் தெரியும், 'ஆமாம்' என்று சொல்லத் தெரியாது. 'இது 1800-இல் தைத்ததாக இருக்கவே முடியாது' என்று ஒரு தையல் காட்டிக்கொடுத்துவிடும். 'இதைப் போட்டது இந்த இளவரசர்தான்' என்று எந்தத் தையலும் சொல்லாது. அந்த 'ஆமாம்' காகிதத்திலிருந்தோ படத்திலிருந்தோ, விட்டுப்போகாமல் கைமாறிய வரலாற்றிலிருந்தோதான் வர வேண்டும்.

துணி எப்படி 'இல்லை' சொல்லும் என்று பார்ப்போம். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும்.

யாரோ ஒருவர் அந்த மாதிரி நீண்ட வெள்ளைப் பருத்திக் கவுனைக் கொண்டுவந்து, இது முதலாம் சார்ல்ஸ் மன்னர் குழந்தையாக இருந்தபோது போட்டது என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சார்ல்ஸ் பிறந்தது 1600-இல், ஸ்காட்லாந்தின் டன்ஃபெர்ம்லினில். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பிறந்த குழந்தையை நீளமான துணிப்பட்டையால் கைகால் அசையாதபடி சுற்றிக் கட்டிவைப்பார்கள். பொட்டலம் மாதிரி இருக்கும். ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோகும்போது அந்தப் பொட்டலத்தின் மேல் பட்டிலோ வெல்வெட்டிலோ ஒரு பெரிய போர்வை. இந்தச் சுற்றிக் கட்டும் வழக்கம் இங்கிலாந்தில் தளர்ந்தது 18-ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு அப்புறம்தான் நீண்ட வெள்ளைக் கவுன் பரவுகிறது. ஆக, சார்ல்ஸின் வெள்ளைக் கவுன் என்றாலே கதை முடிந்தது. பூதக்கண்ணாடிகூடத் தேவையில்லை.

முதலாம் எலிசபெத் 1533 செப்டம்பரில் கிரீனிச்சில் ஞானஸ்நானம் பெற்றபோது ஊதா வெல்வெட் மேலங்கியும், எர்மின் என்ற விலங்கின் வெள்ளை ரோமம் வைத்த நீண்ட பின்தொங்கலும் போர்த்தியிருந்தது என்று அக்கால வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. அரச குழந்தை என்றால் வெள்ளை, லேஸ், தூய்மை என்று நாம் நினைப்பது விக்டோரியா காலத்துக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதால்தான்.

அடுத்தது தையல். கவுனை உள்பக்கம் திருப்பி, பக்கவாட்டுத் தையலை லென்ஸ் வைத்துப் பாருங்கள். தையல் மெஷினில் மேலே ஒரு நூல், கீழே பாபினிலிருந்து ஒரு நூல், இரண்டும் துணிக்கு நடுவே கொக்கி போட்டுக்கொள்ளும். அதனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஒரே சீராக இருக்கும். கைத்தையலில், அதுவும் பின்னோக்கி எடுத்துக் குத்துகிற தையலில், முன்பக்கம் சின்னச் சின்னப் புள்ளியாகவும் பின்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கோடாகவும் தெரியும். எவ்வளவு கைதேர்ந்தவர் தைத்தாலும் எங்கோ ஓரிடத்தில் ஒரு குத்து அரை நூல் தள்ளிப்போயிருக்கும். சிங்கர் தன் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1851-இல். மெஷின் வீடுகளுக்குள் நுழைந்தது அதற்குப் பிறகு. 1790-இல் பிறந்த இளவரசியின் சட்டை மெஷின் தையலாக இருந்தால் அது அவருடையது இல்லை. பிற்பாடு யாராவது பழுது பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் ஒரு தையலைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதாமல், உடம்பும் கையும் சேருகிற முதல் தையலைத் தேடுவார்கள். அங்கே மெஷின் ஓடியிருந்தால் தப்பிக்க வழியில்லை.

இப்படி ஆண்டு குறித்த சாட்சிகள் இன்னும் சில உண்டு. ஜான் ஹீத்கோட் என்பவர் கைப்பின்னல் வலை போலவே அறுகோணக் கண்ணிகளுடன் மெஷினில் வலை பின்ன 1809-இல் காப்புரிமை எடுத்தார். அந்த வலையின் மேல் ஒட்டித் தைத்த லேஸ் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. வில்லியம் பெர்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டது 1856-இல். 'டக்'கென்று அழுத்தி மூடுகிற பிரஸ் பட்டன் ஜெர்மனியில் 1885-இல் வந்தது. ஒரு குழந்தைச் சட்டையின் கழுத்துக்குப் பின்னால் பிரஸ் பட்டன் இருந்தால் 'நெப்போலியன் குழந்தையில் போட்டது' என்பது மாதிரிக் கதையை மூட்டை கட்டிவிடலாம். அது பிறகு மாற்றியதுதானா என்று பார்க்க, பக்கத்தில் பழைய நாடா இருந்த ஊசித்துளைகள் தெரிகின்றனவா என்று தேடுவார்கள்.

புற ஊதா விளக்கு இன்னொரு கருவி. இன்றைய துணி சோப்புத்தூளில் வெளுப்புக் காட்டும் ரசாயனம் சேர்க்கிறார்கள். அந்த விளக்கில் அது நீலமாக ஜொலிக்கும். நூலே ஜொலித்தால் 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்று சந்தேகப்படலாம். ஆனால் அவசரப்படக் கூடாது. ஆசையாக வைத்திருந்த கொள்ளுப்பாட்டி கவுனைப் போன மாதம் யாராவது வாஷிங் மெஷினில் போட்டிருந்தாலும் அதே ஜொலிப்புத்தான். உண்மையான பழந்துணியைப் போலி மாதிரி காட்டிவிடும் ஆபத்து இதில் உண்டு.

கார்பன் சோதனை செய்யக் கூடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். செய்யலாம், பெரும்பாலும் பயன் இல்லை. 17-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் நடுவரை காற்றுமண்டலத்தில் கதிரியக்கக் கார்பனின் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருந்ததால், அந்தக் காலத்துப் பொருளுக்கு ஒரே சோதனை மூன்று நான்கு வெவ்வேறு காலங்களைக் காட்டும். 1680 என்றும் சொல்லும், 1760 என்றும் சொல்லும், 1920 என்றும் சொல்லும். நமக்குத் தேவையான கேள்வி சரியாக அந்த இடைவெளியில்தான் விழுகிறது. சோதனைக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தது மட்டும் மிச்சம்.

மரபணுச் சோதனை? குழந்தைச் சட்டையை எத்தனை முறை துவைத்திருப்பார்கள், எத்தனை பேர் தொட்டிருப்பார்கள் என்று யோசித்தால் விடை தெரியும். இரத்தக்கறை உள்ள துணியிலேயே தகராறு வந்திருக்கிறது. காஸ்பர் ஹவுசர் என்ற பையன் 1828-இல் ஜெர்மனியின் நூரம்பெர்க் தெருவில் திடீரென்று தோன்றினான். 1812-இல் பிறந்து சில நாளில் இறந்ததாகச் சொல்லப்பட்ட, ஜெர்மனியின் பாடன் நாட்டு இளவரசன்தான் இவன், தொட்டிலிலேயே பிள்ளை மாற்றிவிட்டார்கள் என்று ஊரே பேசியது. 1833-இல் கத்திக்குத்துக் காயத்தால் இறந்தபோது அவன் போட்டிருந்த உள்ளாடை அன்ஸ்பாக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1996-இல் அதன் கறையைச் சோதித்தார்கள், பாடன் வம்சத்தோடு பொருந்தவில்லை. அந்தக் கறை அவனுடையதுதானா என்று எதிர்க்கேள்வி கிளம்பியது. பிறகு தலைமுடியைச் சோதித்தபோது வேறு விடை. கடைசியில் 2024-இல் வெளியான, முடிகளை வைத்துச் செய்த புதிய ஆய்வு இளவரசன் கதையை மறுத்தது. பெரியவன் ஒருவனின் கறை படிந்த உடைக்கே இவ்வளவு பாடு. துவைத்துத் துவைத்து வெளுத்த குழந்தைச் சட்டையில் யாருடைய மரபணுவைத் தேடுவது?

இன்னொரு சின்ன விஷயம். பழைய படங்களில் பாவாடை போட்ட குழந்தையைப் பார்த்து இளவரசி என்று முடிவு கட்டாதீர்கள். ஐரோப்பாவில் ஆண் பிள்ளைகளுக்கும் நாலைந்து வயது வரை, சில வீடுகளில் ஏழு வயது வரைகூட, கவுன்தான். கால்சட்டை முதல்முதலாகப் போடுவதே வீட்டில் ஒரு விசேஷம். அதனால் 'இளவரசியின் கவுன்' என்று எழுதியிருப்பது இளவரசருடையதாகவும் இருக்கலாம், யாரோ ஒரு பாதிரியார் மகனுடையதாகவும் இருக்கலாம்.

பாதிரியார் மகனை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த வெள்ளைக் கவுன்கள் ஏன் இத்தனை கிடைக்கின்றன என்பதற்கு ஒரு கதை உண்டு. 1814 வாக்கில் மேரி மான்ட்கோமரி என்ற பிரபு குடும்பத்துப் பெண்மணி, தன் குழந்தைக்காக சிசிலியில் செய்த, பிரெஞ்சு வேலைப்பாடு கொண்ட ஞானஸ்நானக் கவுன் ஒன்றை ஸ்காட்லாந்துக்குக் கொண்டுவந்தார். அதை அங்குள்ள ஏர் என்ற ஊரில் திருமதி ஜேமிசன் என்ற தையல் முதலாளி இரவல் வாங்கி, இழை இழையாகப் பார்த்து, துளைக்குள் ஊசியால் லேஸ் நிரப்பும் அந்த நுட்பத்தைத் தன்னிடம் வேலை பார்த்த பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அங்கிருந்து பிறந்ததுதான் ஏர்ஷைர் வெள்ளைப் பூவேலை. மெல்லிய மஸ்லின் துணியில் வெள்ளை நூல். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பூவுக்கு நடுவே சிலந்திவலை மாதிரி தெரியும். ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கூலிக்குத் தைத்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பஞ்சு வரத்து நின்றது, சுவிஸ் மெஷின் பூவேலை மலிவாக வந்தது, 1860-களில் தொழில் படுத்துவிட்டது. அதற்குள் பிரிட்டன் முழுக்க வசதியுள்ள வீடுகளில் எல்லாம் ஒரு கவுன் சேர்ந்திருந்தது. இன்று 'அரண்மனையிலிருந்து வந்தது' என்று வருகிற கவுன்களில் பல இந்தக் குடிசைகளில் பிறந்து நடுத்தர வீட்டுப் பெட்டிகளில் கிடந்தவைதான். என்னைக் கேட்டால் அந்த வேலைப்பாட்டுக்குக் கிரீடம் எதுவும் தேவையில்லை. ஏலக்காரர்கள் அப்படி நினைப்பதில்லை.

சரி, துணி 'இல்லை' சொல்லவில்லை. காலம் பொருந்துகிறது, தையல் பொருந்துகிறது. மடிப்பைப் புரட்டினால் ஓரத்தில் சிவப்பு நூலில் ஒரு குட்டிக் கிரீடம், ஓர் எழுத்து, ஒரு எண். இப்போது நெஞ்சு கொஞ்சம் படபடக்கும்.

பெரிய வீடுகளில் துணிகளை டஜன் கணக்கில் தைப்பார்கள். சலவைக்குப் போனால் கலந்துவிடக் கூடாது என்பதற்காக உரிமையாளரின் முதலெழுத்தும் வரிசை எண்ணும் குறுக்குத் தையலில் போடுவார்கள். நம் ஊர் சலவைக்காரர் மையில் குறி போடுவதைப் போலத்தான், இங்கே ஊசியும் நூலும். விக்டோரியாவின் உடைகளில் கிரீடமும் 'விக்டோரியா ரெஜினா' என்பதன் இரண்டு முதலெழுத்துகளும் இருக்கும். ஆக, குறி என்பது நல்ல தடயம். ஆனால் கிரீடம் என்றால் அரசர் என்று அர்த்தமில்லை. ஐரோப்பாவில் பிரபுக்களும் தங்கள் தகுதிக்கேற்ற கிரீடத்தைத் துணியில் போட்டுக்கொண்டார்கள். ஜெர்மன் வழக்கில் ஏழு முத்து இருந்தால் பாரன், ஒன்பது இருந்தால் கவுண்ட். முத்துகளை எண்ணாமல் 'அரச கிரீடம்' என்று எழுதிவிடுகிற விற்பனையாளர்கள் உண்டு.

கடைச் சீட்டும் இப்படித்தான் ஏமாற்றும். கழுத்துப் பட்டியில் அரச முத்திரையும், மகாராணியாருக்குத் துணி வழங்குபவர் என்ற வாசகமும் நெய்திருக்கும். அது கடையின் பெருமை. அந்தக் கடை அரண்மனைக்குச் சரக்கு கொடுத்தது என்றுதான் அதற்கு அர்த்தம். காசு இருந்த யாரும் அதே கடையில் வாங்கலாம்.

அரண்மனைத் துணி வெளியே வரவே வாய்ப்பில்லை என்று நினைப்பதும் தப்பு. ராணியின் பழைய உடைகளைப் பணிப்பெண்களுக்குக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். சம்பளத்தோடு சேர்ந்த வரும்படி மாதிரி அது. பாலூட்டிய தாதிக்கும், குழந்தையை வளர்த்த ஆயாவுக்கும் சின்னஞ்சிறு துணிகள் போகும். 2008-இல் விக்டோரியாவின் உள்ளாடை ஒன்று, இடுப்பளவு 50 அங்குலம், டெர்பிஷைர் ஏலத்தில் 4,500 பவுண்டுக்குப் போனது. அரசியின் உள்ளாடையே வெளியே வருமென்றால் இளவரசரின் தொப்பி வராதா? வரும். அதனால்தான் இந்தக் கதைகளை ஒரேயடியாகத் தள்ளவும் முடிவதில்லை.

கதை எப்படி வளர்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் யாரும் வேண்டுமென்றே பொய் சொல்வதில்லை. பாட்டி அரண்மனையில் வேலை பார்த்தார், அது உண்மை. பாட்டி ஒரு கவுன் வைத்திருந்தார், அதுவும் உண்மை. அம்மா காலத்தில் இரண்டும் சேர்ந்து 'பாட்டி அரண்மனையிலிருந்து கொண்டுவந்த கவுன்' ஆகிறது. பேரன் காலத்தில் அது இளவரசரின் கவுன். 'ராணி வீட்டுப் பிள்ளைக்குத் தைத்த மாதிரி' என்பதில் 'மாதிரி' எந்தத் தலைமுறையில் விழுந்தது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. பொருளைவிடக் கதை வேகமாக வயதாகும். லண்டன் அருங்காட்சியகத்தில் ஐந்தாம் ஹென்றியின் தொட்டில் என்று நெடுங்காலம் பெயர் பெற்ற ஒரு மரத்தொட்டில் இருந்தது. ஹென்றி பிறந்தது 1380-களில். தொட்டிலின் வேலைப்பாடோ 15-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. அவர் இறந்தே பல பத்தாண்டுகள் ஆன பிறகு செய்த தொட்டில். உயர்ந்த வீட்டுத் தொட்டில்தான், அதில் சந்தேகமில்லை. உட்கார வைத்த பெயர்தான் தப்பு.

காகிதமும் சில சமயம் 'இல்லை' சொல்லும். எலிசபெத் பிறப்பதற்குச் சற்று முன்னால், 1533 கோடையில், அவருடைய தாய் ஆன் பொலின் தன் குழந்தையின் ஞானஸ்நானத்துக்காக ஒரு துணி கேட்டார். எட்டாம் ஹென்றி ஒதுக்கிவைத்த முதல் மனைவி காதரின், ஸ்பெயினிலிருந்து தன் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்திருந்த விலையுயர்ந்த துணி அது. கேட்டது யாரிடம் பாருங்கள். காதரின் கொடுக்க மாட்டேன் என்று முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிட்டார். இதைக் கடிதத்தில் எழுதிவைத்தவர் பேரரசர் ஐந்தாம் சார்ல்ஸ் இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்த தூதர் யூஸ்டஸ் ஷாப்புயி. எனவே நாளைக்கு ஒருவர் ஸ்பானியப் பட்டு ஒன்றை விரித்து, எலிசபெத்தைப் போர்த்தியது இதுதான் என்றால், பட்டு உண்மையிலேயே ஸ்பெயினுடையதாகவும் அந்தக் காலத்ததாகவும் இருந்தாலும், அந்தக் கடிதம் குறுக்கே நிற்கும்.

சந்தேகத்திலிருந்து நல்ல பக்கம் சாய்ந்த உதாரணமும் இருக்கிறது. ஹெர்ஃபோர்ட்ஷைரில் பேக்டன் என்ற சின்ன ஊர். அங்குள்ள தேவாலயச் சுவரில் பூவும் புழுவும் படகும் தைத்த ஒரு பழைய துணி சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பீடத்தின் மேல் விரித்த துணி. இது எலிசபெத் அரசியின் உடையிலிருந்து வந்தது என்று ஊரில் ஒரு பேச்சு. ஆடை ஆய்வாளர் எலெரி லின் அதைப் பார்த்தபோது, வெள்ளி இழை ஊடிய பட்டும், உடையாக வெட்டித் தைத்த அடையாளங்களும் இருந்தன. அந்தத் தரத் துணியை அன்றைய சட்டப்படி மிக உயர்ந்தவர்கள்தான் உடுத்த முடியும். அதைவிட முக்கியம், ஊருக்கும் அரண்மனைக்கும் ஒரு பாலம் இருந்தது. எலிசபெத்துக்கு நெருக்கமாகக் கடைசிவரை பணிபுரிந்த பிளான்ச் பாரி அதே பேக்டன் குடும்பத்தவர். தேவாலயத்தில் உள்ள அவருடைய நினைவுச் சின்னத்தில், எலிசபெத்தின் தொட்டில் ஆடியதைக் கண்டவள் என்று பொறித்திருக்கிறது. இத்தனையும் கூடிவந்தும் அறிஞர்கள் 'பெரும்பாலும்' என்ற சொல்லை விடவில்லை. 2019-இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் காட்சிக்கு வைத்தபோது பார்க்கக் கூட்டம் வந்தது, 'பெரும்பாலும்' என்பதற்காக யாரும் திரும்பிப் போகவில்லை.

உறுதியான மூலம் எப்படி இருக்கும் என்று கடைசியாகப் பார்த்துவிடுவோம். பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் ஞானஸ்நானக் கவுன் 1841-இல் விக்டோரியாவின் மூத்த மகளுக்காகச் செய்யப்பட்டது. லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் நெய்த பட்டின் மேல், ஹானிட்டன் லேஸ் என்ற இங்கிலாந்துக் கைப்பின்னல் லேஸ். செய்தவர் பெயர் தெரியும், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேனட் சதர்லேண்ட். குடும்பத்தை விட்டு வெளியே போனதே இல்லை. 2004 வரை 62 குழந்தைகள் அதைப் போட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஏழாம் எட்வர்டு முதல் மூன்றாம் சார்ல்ஸ் வரை ஆறு பேர் பின்னால் மன்னரும் அரசியும் ஆனார்கள். 1894-இல் விக்டோரியா, அவர் மகன், பேரன், மடியில் கொள்ளுப்பேரன் என்று நாலு தலைமுறை உட்கார்ந்து எடுத்த ஞானஸ்நானப் படம்கூட இருக்கிறது. மனைக்கு இப்படி ஒரு பத்திரம் இருந்தால் வங்கி கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுக்கும்.

அதிலும் ஒரு கதை ஒட்டிக்கொண்டதுதான் வேடிக்கை. விக்டோரியாவின் திருமண உடையை வெட்டி இந்தக் கவுனைத் தைத்தார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். திருமண உடையிலும் ஹானிட்டன் லேஸ்தான், கவுனின் அமைப்பும் அதைப் பின்பற்றியது. போதாக்குறைக்கு, திருமணம் 1840 பிப்ரவரி 10, ஞானஸ்நானம் சரியாக ஓராண்டு கழித்து அதே பிப்ரவரி 10. கதை பிறக்க இது போதாதா? ஆனால் கவுன் தனியாகத் தைத்ததுதான்.

லேஸ் நைந்துபோனதால் இரண்டாம் எலிசபெத் அரசி அச்சு அசலாக ஒரு நகல் செய்யச் சொன்னார். 2008-இலிருந்து குழந்தைகள் போடுவது அந்த நகலை. இளவரசர் ஜார்ஜ் 2013-இல் போட்டதும் அதுவே. புது லேஸ் பளிச்சென்று இருக்குமே, பழைய கவுனின் மங்கல் எப்படி வரும்? அரசியின் உடை அலங்காரப் பொறுப்பில் இருந்த ஏஞ்சலா கெல்லி அதைத் துண்டு துண்டாக டீயில் நனைத்து நிறம் ஏற்றினார். வெளிப்படையாகச் சொல்லிச் செய்த வேலை, எழுதியும் வைத்திருக்கிறார்கள். அதே டீத்தூளைத்தான் போலி செய்கிறவர்களும் நேற்றுத் தைத்த சட்டையை நூறு வயதாக்கப் பயன்படுத்துகிறார்கள். மோந்து பார்த்தால் சில சமயம் வாசனையே வரும். மடிப்புக்குள்ளும் தையலுக்கு அடியிலும் பழுப்பு ஒரே சீராக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். தானாக வயதான துணி வெளிச்சம் பட்ட இடத்தில் ஒரு மாதிரியும் மறைந்த இடத்தில் வேறு மாதிரியும் இருக்கும்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலோ தெரிந்தவர் வீட்டிலோ இப்படி ஒரு துணி இருந்தால் துவைக்க வேண்டாம், இஸ்திரி போட வேண்டாம். கறையும் மடிப்பும்கூடச் சாட்சிதான். அது சுற்றிவைத்திருந்த தாளையும் பெட்டியையும் தூக்கி எறியாதீர்கள். பெரியவர் ஒருவர் அதைப் பற்றிச் சொன்னால் அவர் வாயால் வந்த வார்த்தையிலேயே எழுதிவையுங்கள். யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்று மூன்றும் வேண்டும். அவர் 'மாதிரி' என்றால் 'மாதிரி' என்றே எழுதுங்கள். அந்தச் சீட்டைத் துணியின் மேல் குண்டூசியால் மட்டும் குத்திவிடாதீர்கள். குண்டூசி துருப்பிடிக்கும், பழைய மஸ்லினில் துருக்கறை ஏறினால் அந்த இடமே பிறகு ஓட்டையாகிவிடும்.